இயற்கை என்னும் பெயரும் நம் பிள்ளைகளின் தோலும்

ரமளானின் கடைசிப் பத்து நாட்களிலும் நிக்காஹ் அதிகம் நடைபெறும் மாதங்களிலும் நம் ஊர்களின் கடைத்தெருக்களில் ஒரே வகையான பொருட்கள் குவிந்திருப்பதைக் காண்கிறோம். மருதாணிக் கோன்கள், முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீம்கள், சுர்மாக் குப்பிகள், கருஞ்சீரக எண்ணெய், மூலிகைப் பூச்சு மாவுகள். இவற்றோடு அழகு நிலையங்கள் தரும் மணப்பெண் ‘பேக்கேஜ்’களும் சேர்ந்துகொள்கின்றன. நீராவிக் குளியல், எண்ணெய்த் தேய்ப்பு, வளைகுடாவிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த ‘மொரோக்கன் பாத்’, ப்ளீச், ஃபேஷியல் என்று அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றின் மேலுறையில் மூன்று சொற்களில் ஒன்று நிச்சயம் இருக்கும். ‘இயற்கை’, ‘ஹெர்பல்’ அல்லது ‘சுன்னத்’. இந்தச் சொற்களைக் கண்டதும் நம் தாய்மார்கள் வேறெதையும் கேட்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, யார் தயாரித்தார், எந்த ஊரிலிருந்து வந்தது என்ற கேள்விகள் எழுவதே இல்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கும் நாம், மகளின் முகத்தில் பூசப்போகும் பொருளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இயற்கை என்பது ஒரு பொருளின் பிறப்பிடத்தைச் சொல்லும் சொல்லே தவிர, அதன் பாதுகாப்பைச் சொல்லும் சொல் அன்று. இதையே இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறோம். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம் என்றால், அதன் மேல் பூசப்படும் பொருளைப் பற்றி விசாரிப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.

அழகுபடுத்திக்கொள்வது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். அழகுபடுத்திக்கொள்வதையோ உடலுக்கு ஓய்வு தருவதையோ நாம் குறை சொல்லவில்லை. அழகை அல்லாஹ் விரும்புகிறான் என்பதையும், நம் உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்பதையும் நபிமொழிகள் நமக்குக் கற்றுத் தருகின்றன. இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, உடலின் உரிமையையும் கண்ணின் உரிமையையும் நினைவூட்டிய செய்தி நாம் அனைவரும் அறிந்ததே.

முஸ்லிம் நாகரிகம் செழித்த நகரங்கள் பலவற்றில் பள்ளிவாசலுக்கு அருகே ஹம்மாம் என்னும் பொதுக் குளியலகம் இருந்தது. ஏழையும் செல்வந்தரும் வெந்நீரும் நீராவியும் பெற்றுக் களைப்பு நீங்கித் திரும்பினர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஹம்மாமில் பேண வேண்டிய ஒழுக்கங்களையும் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்களிலும் பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர் ஆகியவற்றைக் காயவைத்து அரைத்த நலங்கு மாவு வீட்டுக்கு வீடு இருந்தது. வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமும் இருந்தது. காலை முதல் இரவு வரை அடுப்படியில் நிற்கும் ஒரு பெண், மாதத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பெண்களுக்கென்றே உள்ள ஓர் இடத்தில் தோளையும் பாதத்தையும் தேய்க்கச் செய்து இளைப்பாறினால், அதை ஆடம்பரம் என்று ஏசுவது நியாயமாகாது.

ஆகவே அழகையும் ஓய்வையும் பற்றி நமக்கு வழக்கு இல்லை. அவற்றின் பெயரால் தோலின் மேல் ஏற்றப்படும் நஞ்சைப் பற்றியே பேசுகிறோம்.

சிவக்கும் மருதாணியும் கறுக்கும் கோனும்

மருதாணியிலிருந்தே தொடங்குவோம். மருதாணி இலையில் லாசோன் என்னும் இயற்கைச் சாயம் உள்ளது. அது தோலின் மேலடுக்கில் உள்ள புரதத்தோடு மெல்ல ஒட்டிக்கொள்கிறது. எடுத்தவுடன் இளஞ்செம்மஞ்சளாகத் தெரிந்து, ஒன்றிரண்டு நாட்களில் செம்பழுப்பாக முதிர்கிறது. இதுவே மருதாணியின் இயல்பு. அரை மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் மருதாணி என்று உலகில் ஒன்று இல்லை.

அப்படியானால் கடைகளில் ‘கறுப்பு மெஹந்தி’ என்று விற்கப்படுவது என்ன? அவற்றில் பலவற்றில் பாராஃபினைலின்டையமின் என்னும் இரசாயனம் கலக்கப்படுகிறது. சுருக்கமாகப் பிபிடி என்பர். இது தலைமுடிச் சாயங்களில் பயன்படும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிச்சாயத்தில் கூட இது 2 விழுக்காட்டுக்கு மேல் தலையில் படக் கூடாது. தோலில் நேரடியாகப் பூசுவதற்கு அங்கு அனுமதியே இல்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ மருதாணியையே முடிச்சாயமாக மட்டும் ஏற்கிறது; தோலில் கோலமிடுவதற்கு அதை அங்கீகரிக்கவில்லை. ஆனால் கறுப்புக் கோன்களைப் பரிசோதித்த ஆய்வாளர்கள் சிலவற்றில் 10 விழுக்காட்டுக்கும் மேல் பிபிடி இருந்ததைக் கண்டுள்ளனர்.

இதன் தீங்கு உடனே தெரிவதில்லை என்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. முதன்முறை பூசிய பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அல்லது ஒன்று, இரண்டு வாரங்கள் கழித்துக் கோலம் போட்ட தடத்திலேயே அரிப்பும் சிவப்பும் தோன்றலாம். அதற்குள் உடல் அந்த இரசாயனத்தைப் பகையாக அடையாளம் கண்டுவிடுகிறது. அடுத்த முறை அது தோலில் பட்டால் ஓரிரு நாட்களிலேயே கொப்புளம் எழும்புகிறது. மருதாணிக் கோலத்தின் வடிவிலேயே தழும்பு மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு. இந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது. பத்து வயதில் பெருநாளுக்குக் கறுப்புக் கோன் வைத்த சிறுமி, நாற்பது வயதில் முடிச்சாயம் பூசும்போது முகம் வீங்கி மருத்துவமனைக்குச் செல்ல நேரலாம். சிலருக்குத் துணிச்சாயங்களும் சில மரப்பு மருந்துகளும் கூட ஒத்துக்கொள்ளாமல் போகின்றன.

தூய மருதாணியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிறந்த குழந்தையின் கை கால்களுக்கு மருதாணி இடும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு லாசோன் தோல் வழியே சென்று இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். அந்தக் குறைபாடு குழந்தைக்கு இருக்கிறதா என்பது பார்வைக்குத் தெரியாது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். எனவே பச்சிளங் குழந்தைக்கு மருதாணி வேண்டாம் என்றே சொல்கிறோம். இலையைப் பறித்து அம்மியில் அரைத்தாலும் இதுவே நிலை.

முகம் வெளுத்தது, சிறுநீரகம் கெட்டது

அடுத்தது வெளுப்புக் கிரீம். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 22 நோயாளிகளை ஆராய்ந்தனர். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதுபட்டு, உடலின் புரதம் சிறுநீரில் கசிந்து வெளியேறும் நோய் அவர்களுக்கு இருந்தது. அவர்களில் 15 பேரிடம் அந்த நோயின் அரிதான ஒரு வகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் தோலை வெளுக்கச் செய்யும் கிரீம்களைப் பயன்படுத்தியதாகக் கூறினர். இந்த ஆய்வு சிறுநீரக மருத்துவத்தின் முன்னணி இதழ்களில் ஒன்றில் வெளியானது.

மலப்புரம் நமக்கு அந்நியமான ஊர் அன்று. அங்குள்ள மாப்பிள்ளை முஸ்லிம்களைப் போலவே நம்மிலும் வளைகுடாவுக்குச் சென்று பொருள் ஈட்டும் குடும்பங்கள் ஏராளம். சஃபரிலிருந்து வருவோர் கொண்டுவரும் பெட்டியில் சாக்லேட்டோடும் அத்தரோடும் ‘ஃபாரின் கிரீம்’களும் வந்து இறங்குகின்றன. கொண்டுவந்தவர் அன்போடுதான் தருகிறார். அன்பு, கிரீமின் உள்ளே இருப்பதை மாற்றிவிடாது.

உள்ளே இருப்பது பல நேரங்களில் பாதரசம். நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரச உப்புகள் தடுக்கின்றன. அதனால்தான் இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது, நரம்புகளையும் தாக்குகிறது. பூசுபவரோடு இந்தத் தீங்கு நின்றுவிடுவதும் இல்லை. துவாலை, தலையணை உறை, தாயின் கன்னத்தோடு கன்னம் உரசும் குழந்தை என்று வீடு முழுவதும் பரவுகிறது. கருவிலிருக்கும் சிசுவையும் சென்றடைகிறது.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, முகத்தில் பூசும் கிரீமில் தற்செயலாகக் கலந்த பாதரசம் கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்னும் பன்னாட்டு உடன்படிக்கையும் இத்தகைய அழகுப் பொருட்களைத் தடைசெய்கிறது. தடை இருந்தும் பொருள் வருகிறது. ஏனெனில் அது கடை வழியாக மட்டும் வருவதில்லை. பயணப்பெட்டியிலும் கைப்பேசி வழி வியாபாரத்திலும் வருகிறது.

பாதரசம் இல்லாத சில கிரீம்களில் வேறொன்று இருக்கிறது. வீரியமிக்க ஸ்டீராய்டு. முகப்பரு, அரிப்பு, கரும்புள்ளி எதற்கென்றாலும் மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கும் சிறு குழாய்களில் இது உண்டு. முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதையே பூச வேண்டிய நிலை உண்டாகிறது. இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018இல் ஆணையிட்டது. சீட்டுக் கேட்கும் கடை எத்தனை, சீட்டோடு போகும் நாம் எத்தனை பேர் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

சுன்னத் என்னும் முத்திரை

மிகுந்த கவனத்தோடு பேச வேண்டிய இடத்திற்கு வருகிறோம். நபி (ஸல்) அவர்கள் இஸ்மித் என்னும் சுர்மாவைச் சிறப்பித்துக் கூறியதும், கருஞ்சீரகத்தைப் பற்றிக் கூறியதும் உண்மை. அவற்றில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இன்று ஒரு குப்பியின் மேல் இஸ்மித் என்று எழுதியிருப்பதால் உள்ளே இருப்பது இஸ்மித் ஆகிவிடுமா?

இஸ்மித் என்பதை ஆண்டிமனி என்னும் கனிமமாகவே பலர் விளக்கியுள்ளனர். உலகின் பல நாடுகளில் சுர்மாவைப் பரிசோதித்தபோது, அவற்றுள் பல முழுக்க முழுக்க ஈய சல்ஃபைடாக இருந்தன. அதுவும் நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்படும் கறுத்த கனிமம்தான், அதுவும் ‘இயற்கை’தான். கண்ணிலிட்ட சுர்மா கண்ணீரோடு கலந்து கன்னத்தில் வழிகிறது. குழந்தை அதைத் துடைத்த விரலை வாயில் வைக்கிறது. குழந்தையின் இரத்தத்தில் ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறிதளவு ஈயமும் வளரும் மூளையைப் பாதித்துக் கல்வித் திறனைக் குறைக்கிறது. கண்ணுக்கு ஒளி கிடைக்கும் என்று நம்பி இடுகிறோம். அறிவின் ஒளி மங்குகிறது.

கருஞ்சீரக எண்ணெயும் அவ்வாறே. உணவில் சேர்ப்பது வேறு. செறிவான எண்ணெயைக் கலக்காமல் முகத்தில் பூசுவது வேறு. அதைத் தோலில் பூசிக் கொப்புளம் வந்தவர்களை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கருந்தடம் விழுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். நபிமொழி ஒரு பொருளின் நன்மையைச் சொல்கிறது என்றால், எந்த அளவில், எந்த வழியில், யாருக்கு என்பதை அறிந்தவரிடம் கேட்டுப் பயன்படுத்துவதுதான் அதற்குச் செய்யும் கண்ணியம். வியாபாரி தன் சரக்கை விற்க நபிமொழியை விளம்பரமாக்குவதும், சரக்கு தீங்கு செய்தபின் மக்கள் அந்த நபிமொழியையே சந்தேகிப்பதும் எவ்வளவு பெரிய இழப்பு!

எதிர்வாதங்கள்

நம் பாட்டிமார்கள் இவற்றைத்தானே பயன்படுத்தினார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அவர்கள் பயன்படுத்தியது கொல்லையில் பறித்த இலை. நாம் பயன்படுத்துவது எங்கோ அடைக்கப்பட்ட கோன். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. சுர்மா போன்ற சிலவற்றில் அவர்களுக்கும் தீங்கு நேர்ந்திருக்கலாம். அன்று இரத்தத்தில் ஈயத்தை அளந்து பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

வீட்டிலிருந்தபடி கோன் சுற்றியும் எண்ணெய் காய்ச்சியும் பிழைக்கும் நம் சகோதரிகளின் வயிற்றில் அடிக்கலாமா என்றும் கேட்பார்கள். இது நியாயமான கவலை. கணவனை இழந்தோ கைவிடப்பட்டோ இந்தத் தொழிலால் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். உண்மையான மருதாணிப் பொடியை வாங்கிச் சர்க்கரையும் எலுமிச்சையும் நீலகிரித் தைலமும் கலந்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாட்களில் விற்றுத் தீர்க்கும் பெண்ணுக்கு நாம் எதிரி அல்லர். அவருடைய சரக்கு ஒரே இரவில் கறுக்காது என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் கறுக்கும் கோனைத் தேடிப்போகும் நாம்தான் அவர் பிழைப்பைக் கெடுக்கிறோம்.

விற்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவராகக் கருதவில்லை. ‘நூறு விழுக்காடு இயற்கை’ என்ற மேலுறைக்குள் பாதரசம் இருப்பது அந்த ஈரத் தானியத்தை விடக் கொடியது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி பதிவாகியுள்ளது. கரும்படைக்கும் தேமலுக்கும் தாமே கலவை செய்து பூசும் அழகு நிலையங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வாங்கும் முன்பும் பூசிய பின்பும்

எச்சரிக்கை மட்டும் போதாது. செய்ய வேண்டியவற்றையும் சொல்லியாக வேண்டும்.

எந்த அழகுப் பொருளை வாங்கினாலும் தயாரிப்பாளரின் பெயர், முழு முகவரி, உரிம எண், கலந்துள்ள பொருட்களின் பட்டியல் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பொருளாயின் இந்தியாவில் அதை இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத பொருள் யார் கொடுத்தாலும் முகத்திற்கு வேண்டாம். பட்டியலில் கலோமெல் என்றோ மெர்க்குரி என்றோ தொடங்கும் பெயர் இருந்தால் அது பாதரசம். தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு கிரீமில் எழுதியிருந்தால் அதுவும் பாதரசத்தின் அடையாளமே. நகையில் படக் கூடாதது மகளின் முகத்தில் படலாமா?

மருதாணிக் கோனை வாங்கும்போது நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள். குழம்பு கன்னங்கறுப்பாக இருந்தாலும், மண்ணெண்ணெய் போன்ற நெடி வீசினாலும், மாதக்கணக்கில் வெளியே வைத்தாலும் கெடாது என்று சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருமணத்திற்கு வைப்பதாயின் ஒரு வாரம் முன்பே முழங்கையின் உட்புறத்தில் ஒரு புள்ளி வைத்து இரண்டு நாட்கள் பாருங்கள். ஆனால் இந்தச் சோதனையை நம்பிக் கறுப்புக் கோனை மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தப் புள்ளியே ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கக்கூடும்.

நீராவிக் குளியலோ மொரோக்கன் பாத்தோ எடுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு ஒரு சொல். கரடுமுரடான கையுறையால் தேய்த்தபின் தோலின் மேலடுக்கு மெலிந்திருக்கும். அந்த நேரத்தில் பூசப்படும் எதையும் தோல் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளிழுக்கும். ஆகவே அன்றே ப்ளீச், வெளுப்புக் கிரீம், மணமூட்டிய எண்ணெய்கள் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் கழுவி, வாசனை சேர்க்காத தேங்காயெண்ணெயோ எளிய ஈரப்பசைக் களிம்போ பூசினால் போதும். நிறையத் தண்ணீர் அருந்துங்கள். ஓரிரு நாட்கள் கடும் வெயிலைத் தவிருங்கள். கருவுற்றவர்களும் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நீராவி அறைக்குள் செல்ல வேண்டாம்.

பூசிய இடத்தில் அரிப்போ கொப்புளமோ தோன்றினால் உடனே கழுவுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதன் மேல் இன்னொரு மூலிகையைப் பூசாதீர்கள். பயன்படுத்திய கோனையோ டப்பாவையோ தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதியாமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். பெயர் தெரியாத வெளுப்புக் கிரீமைப் பயன்படுத்தி வருபவர்கள் இன்றே நிறுத்திவிட்டு, சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சாதாரண ஆய்வகங்களிலேயே குறைந்த செலவில் முடியும் பரிசோதனை அது. சிறுநீர் நுரைப்பதும், காலையில் கண்ணைச் சுற்றியும் மாலையில் பாதத்திலும் வீக்கம் தெரிவதும் அறிகுறிகள். கேரளத்தில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிரீமை நிறுத்தியபின் நோய் தணிந்தது என்பது நம்பிக்கை தரும் செய்தி. ஸ்டீராய்டுக் களிம்பை நெடுநாள் பூசியவர்கள் மட்டும் தோல் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக விட வேண்டும்.

நோயின் வேர் எங்கே?

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஆபத்து என்று தெரிந்தும் ஒரு பெண் ஏன் அந்தக் கிரீமைப் பூசுகிறாள்?

பெண் பார்க்க வந்தவர்கள் வெளியே சென்றதும் முதலில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதில் அதற்கான விடை இருக்கிறது. பெண் ஓதியிருக்கிறாளா, குணம் எப்படி, குடும்பம் எப்படி என்பவற்றுக்கு முன்பாக ‘நிறம் கொஞ்சம் மட்டு’ என்ற சொல் வந்துவிடுகிறது. அந்தச் சொல் சுவர்களைத் தாண்டி அந்தப் பெண்ணின் காதில் விழுகிறது. இரண்டு வரன் தட்டிப்போன வீட்டில், தாய் தானே போய்க் கிரீமை வாங்கிவந்து மகளின் கையில் கொடுக்கிறாள். வரதட்சணைக்கு எதிராக மேடையில் முழங்கும் நாம், நிறத்தைக் கேட்டு நிராகரிப்பதை ஒரு குற்றமாகக் கூடக் கருதுவதில்லை.

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் அர்ரூம் அத்தியாயத்தில் குறிப்பிடுகின்றான். வெயில் கொளுத்தும் நம் மண்ணில் தோலின் கருமை என்பது குறைபாடு அன்று. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கப் படைத்தவன் தந்த கவசம். அதை அழிப்பதற்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதும், அதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குவதும் அவனுடைய அத்தாட்சியை மதிக்காத செயல்கள். பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் சமுதாயம், அவர்களுடைய நிறத்தில் ஒரு மருமகள் வந்தால் முகம் சுளிக்கிறது என்றால், நாம் அந்த வரலாற்றிலிருந்து என்ன கற்றோம்?

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஜமாஅத் நிர்வாகங்கள் நிக்காஹ் பதிவுக்கு வரும் குடும்பங்களுக்கு இந்தச் செய்திகளை ஒரு பக்கத் தாளாக அச்சிட்டுக் கொடுக்கலாம். மஹல்லாவிலுள்ள மருத்துவச் சகோதரிகள் பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்பு பெண்கள் மத்ரஸாக்களில் அரை மணி நேரம் பேசலாம். ஆலிம் பெருமக்கள் ஒரு ஜும்ஆ உரையில், நிறத்தைச் சொல்லிப் பெண்ணைத் தட்டிக்கழிப்பதைப் பற்றி ஆண்களிடமும் மாப்பிள்ளைமார்களின் தாய்மார்களிடமும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கிரீமுக்கு எதிராக மட்டும் பேசிவிட்டு, அதை வாங்கத் தூண்டும் வாயைப் பற்றிப் பேசாமல் விட்டால் அடுத்த பருவத்தில் வேறொரு கிரீம் வரும்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் கைகள் மருதாணியால் சிவக்கட்டும். அவர்களுடைய முகங்கள் அல்லாஹ் தந்த நிறத்திலேயே மலரட்டும். வாங்கும்போது கேள்வி கேட்கும் துணிவையும், விற்கும்போது உண்மை சொல்லும் நேர்மையையும், வரன் பார்க்கும்போது நிறத்தைக் கடந்து மனிதரைக் காணும் பார்வையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.